கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பங்குனி பாதி தாண்டிவிட்டால் மதுரையில் எங்கள் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் ஒரே பேச்சோடுதான் வந்து நிற்கும். "கேஸ் தீர்ந்துபோச்சுண்ணே, கொஞ்சம் ஏத்தி விடுங்க." கத்திரி வெயில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை கேஸ் ஏற்றுவதை எண்ணெய் மாற்றுவது போல ஒரு வழக்கமாகவே பலர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பணம் வீணாவதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீரக்கூடிய பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரசர் அதை அமுக்கிச் சூடாக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அந்தச் சூடு வெளியேறி, கேஸ் திரவமாகும். எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாகப் பீய்ச்சியதும் அழுத்தம் சட்டென்று இறங்கி, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகும். ஆவியாகிறபோது காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். இதற்கு ஒரு சின்ன காருக்குத் தேவைப்படும் கேஸ் மொத்தமே 350 முதல் 500 கிராம் வரைதான். ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் சீல் வழியாகவும் வருடத்துக்குக் கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஏழெட்டு வருட வண்டியில் சிறிது குறைந்திருந்தால் அது இயல்பு. ஒவ்வொரு கோடைக்கும் ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, அல்லது கோளாறே வேறு இடத்தில் இருக்கிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி முனை வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும் (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, அது இவ்வளவு குறைந்த டிகிரியைக் காட்டாது). வண்டியை நிழலில் நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றுங்கள். உள்காற்றே சுற்றும் ரீசர்குலேஷன் பட்டன் போட்டிருக்க வேண்டும். வெளிக்காற்றை இழுக்கும்படி விட்டுவிட்டு குளிரவில்லை என்று வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. புளோவரை மூன்றில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை 1500 ஆர்பிஎம்மில் பிடித்து, பத்து நிமிடம் கழித்து நடு வென்ட்டில் முனையைச் செருகுங்கள். வெளியே 35 டிகிரி என்றால் வென்ட்டில் 6 முதல் 10 வரை வந்தால் நல்ல ஏசி. மே மாத மதியத்தில் வண்டி நின்றபடி 12 காட்டினாலும் குறை சொல்ல முடியாது. 15க்கு மேல் என்றால் கோளாறு. ஐடிலில் எவ்வளவு, ஆர்பிஎம் ஏற்றினால் எவ்வளவு என்று இரண்டையும் குறித்துவையுங்கள். கீழே சொல்வதற்கெல்லாம் அந்த இரண்டு எண்களும் உதவும்.

மாட்டுத்தாவணியில் மூன்று மணி நேரம் வெயிலில் கிடந்த வண்டியில் ஏறியவுடன் ஏசியைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே 60 டிகிரி இருக்கும். நான்கு கண்ணாடியையும் இறக்கி ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அப்புறம் பாருங்கள்.

ஓடும்போது ஜில், சிக்னலில் நின்றால் அனல்

நம் ஊரில் அதிகம் வரும் கோளாறு இதுதான். இதற்குத்தான் தேவையே இல்லாமல் கேஸும் ஏற்றுகிறார்கள்.

சோழவந்தான் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தன் வண்டியைக் கொண்டுவந்தார். "தம்பி, சமயநல்லூர் வரைக்கும் ஐஸ் மாதிரி இருக்கு. கோரிப்பாளையம் சிக்னல்ல நின்னா உள்ள உக்கார முடியல. ரெண்டு வருஷத்துல நாலு தடவை கேஸ் போட்டாச்சு." கேஸை மெஷினில் உறிஞ்சி எடை போட்டோம். பானெட் ஸ்டிக்கரில் 450 கிராம் என்று இருக்க, உள்ளே 610 கிராம் இருந்தது. ரேடியேட்டரின் மேல் போல்ட்டைத் தளர்த்திப் பின்னால் சாய்த்தால், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விரல் கனத்துக்கு வைக்கோல் தூசி, கம்பளி விரித்தது போல அப்பியிருந்தது. அறுப்புக் காலத்தில் ரோட்டில் கதிரையும் உளுந்தையும் பரப்பி, வண்டிச் சக்கரம் ஏறித் தாளடிக்க விடுவார்களே, தினமும் அதன்மேல் ஓட்டி வந்திருக்கிறார். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருந்தது. அதனால்தான் நான்கு இடத்திலும் யாரும் கவனிக்கவில்லை. தூசியை வழித்து, கழுவி, 450 கிராம் அளந்து போட்டதும் ஐடிலில் 19 காட்டியது 10க்கு இறங்கியது. அவர் வண்டிக்கு உள்ளே இருந்த கேஸ்தான் பாரமாக இருந்தது.

காரணம் எளிது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்விக்கும். நின்றால் மின்விசிறி ஒன்றுதான் துணை. ஆகவே இரண்டைப் பாருங்கள்: விசிறி சரியாக இழுக்கிறதா, காற்று போக வழி இருக்கிறதா.

விசிறிக்கு ஒரு செய்தித்தாள் போதும். எஞ்சின் ஓட, ஏசி போட்டு, ஒரு தாளை முன் கிரில்லின் மேல் வையுங்கள். கையை எடுத்தாலும் தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் விசிறி ஓடவில்லை, அல்லது மெதுவாக ஓடுகிறது. தாளைத் தள்ளிவிட்டால் விசிறி தலைகீழாகச் சுற்றுகிறது. புது மோட்டார் மாற்றும்போது வயரை மாற்றிக் கொடுத்து அப்படி ஆன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஓடவே இல்லையென்றால் ஃபியூஸ், அப்புறம் ரிலே (விசிறிக்குக் கரண்ட் விடும் சின்ன சுவிட்ச் பெட்டி). அதே எண் போட்ட ஹார்ன் ரிலேயை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால் ரிலே போயிற்றா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். மோட்டாரை ஒரு குச்சியால் லேசாகத் தட்டியதும் சுற்றத் தொடங்கினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. எஞ்சினை அணைத்திருந்தாலும் சில வண்டிகளில் விசிறி தானாக ஓடும். விரலையோ துண்டையோ அருகில் கொண்டுபோகாதீர்கள்.

விசிறி நன்றாக இழுக்கிறது, ஆனாலும் ஐடிலில் அனல் என்றால் தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். ஐடிலில் ஏசி ஓட, கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் ஹோஸ் பைப்பால் மெல்ல இரண்டு நிமிடம் தண்ணீர் விடுங்கள். வென்ட் தெர்மாமீட்டர் நான்கைந்து டிகிரி இறங்கினால் கண்டென்சரின் சூடு வெளியேறவில்லை என்று உறுதி. தூசி அடைத்திருக்கலாம், கேஸ் அளவுக்கு மேல் இருக்கலாம், வேக்கம் போடாமல் (லைனில் இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுக்காமல்) கேஸ் ஏற்றியதால் உள்ளே காற்று கலந்திருக்கலாம். கழுவும்போது சர்வீஸ் ஸ்டேஷனில் கார் கழுவும் பம்பை அருகில் வைத்து அடிக்க விடாதீர்கள். கண்டென்சரின் தகடுகள் தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன், ஒரே அடியில் மடங்கி வழியை மூடிவிடும். மேலூர் ரோட்டுப் பக்கம் தினமும் போய்வரும் வண்டி என்றால் கல்தூள் படியும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெறும் தண்ணீர் விட்டுக் கழுவினாலே போதும்.

காற்று வருகிறது, குளிர்ச்சி துளியும் இல்லை

பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஓட, இன்னொருவரை ஏசி பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். கம்ப்ரசர் புல்லியின் முன்னால் இருக்கும் தட்டு 'டக்' என்று ஒட்டி, புல்லியோடு சேர்ந்து சுற்ற வேண்டும். இந்தத் தட்டுதான் கம்ப்ரசரின் காந்தக் கிளட்ச். புல்லி சுற்றி, தட்டு சும்மா நின்றால் கிளட்ச் பிடிக்கவில்லை. (சில புது வண்டிகளில் கிளட்சே இல்லாத கம்ப்ரசர் வருகிறது. அதில் இந்தச் சோதனை செல்லாது.)

பிடிக்கவில்லையென்றால் முதலில் வயரைப் பாருங்கள். கழனியோரம், கடைவீதியோரம் நிறுத்தும் வண்டிகளில் எலி கடிப்பது சாதாரணம். கம்ப்ரசருக்குப் போகும் ஒற்றை வயர் அறுந்து தொங்கும், பக்கத்தில் நிலக்கடலைத் தோல் கிடக்கும். வயர் நன்றாக இருந்தால் ஃபியூஸும் ரிலேயும். அதுவும் சரி என்றால் மல்டிமீட்டரில் கிளட்ச் காயிலின் மின்தடையைப் பாருங்கள், பொதுவாக 3 முதல் 5 ஓம் வரை இருக்கும்.

காலையில் பிடிக்கிறது, எஞ்சின் சூடானதும் விட்டுவிடுகிறது என்றால் தட்டுக்கும் புல்லிக்கும் இடையிலான இடைவெளி தேய்மானத்தால் கூடியிருக்கும். அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டியது ஒரு மில்லிமீட்டரைத் தொட்டால், சூட்டில் காந்தம் பலவீனமாகி இழுக்க முடியாமல் போகும். விட்டுப்போன நேரத்தில் நீளமான மரக்கட்டையால் தட்டை லேசாகத் தட்டினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். தட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தால் வேலை முடிந்தது. இதற்குப் போய் முழுக் கம்ப்ரசரையே மாற்றச் சொல்லிக் கேட்டு, பணம் புரட்ட முடியாமல் ஒரு கோடை முழுக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிய ஒரு டாக்ஸி டிரைவரை எனக்குத் தெரியும்.

கேஸ் மிகவும் குறைந்துபோனாலும் பிரஷர் சுவிட்ச் கிளட்ச்சைப் பிடிக்க விடாது. அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லையென்றால் எண்ணெயும் போய்ச் சேராது. ஒரு துண்டு வயரால் அந்தச் சுவிட்சைச் சுற்றிவளைத்து ஓட விட்டால் கம்ப்ரசர் உலர்ந்து ஓடிச் சிராய்த்துக்கொள்ளும். அந்த உலோகத் தூள் லைன் முழுக்கப் பரவி, அப்புறம் கண்டென்சரும் வால்வும், லைனின் ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். யார் சொன்னாலும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

போடிமெட்டு ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது சில நொடி குளிர்ச்சி குறைந்தால் பயப்பட வேண்டாம். எஞ்சினுக்கு பலம் கொடுக்க வண்டியே கிளட்ச்சை விடுவித்துக்கொள்ளும். எஞ்சின் சூடு ஏறினாலும் ஏசி தானாக நிற்கும். அப்போது பார்க்க வேண்டியது கூலன்ட் அளவை.

ஒரு மணி நேரம் கழித்துக் காற்றே நின்றுபோகிறது

ராமேஸ்வரம் கிளம்பியிருப்பீர்கள். மானாமதுரை தாண்டும்வரை ஜில்லென்று வரும். அப்புறம் புளோவர் சத்தம் மட்டும் கேட்கும், வென்ட்டில் கை வைத்தால் மூச்சுக்காற்று அளவுதான் வரும். வண்டியை ஓரங்கட்டி டீ குடித்துவிட்டு வந்தால் அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் தேங்கியிருக்கும், ஏசியும் மறுபடி நன்றாக வேலை செய்யும்.

இது கூலிங் காயிலில் ஐஸ் கட்டுவது. காயிலின் தகடுகளுக்கு இடையில் பனி அடைத்துக் காற்றுக்கு வழி இல்லாமல் போகிறது. உடனடி வைத்தியம்: ஏசி பட்டனை அணைத்து, புளோவரை மட்டும் முழு வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். நிரந்தரமாகத் தீர்க்க மூன்று இடம் பார்க்க வேண்டும். கேபின் ஃபில்டர் அடைத்து, காயில் மேல் போதிய காற்று போகாமல் இருக்கலாம். காயிலில் செருகியிருக்கும் தெர்மிஸ்டர், பூஜ்ஜியத்தை நெருங்கும்போது கம்ப்ரசரை நிறுத்த வேண்டியது, நிறுத்தாமல் விட்டிருக்கலாம். கேஸ் குறைவாக இருந்தாலும் காயிலின் ஒரு மூலை மட்டும் உறைநிலைக்குப் போய் ஐஸ் பிடிக்கும். ஃபில்டரை வீட்டிலேயே பார்த்துவிடலாம், மற்ற இரண்டுக்கும் பட்டறை.

தொடக்கத்திலிருந்தே காற்று மெல்ல வந்தால்

பெரும்பாலும் ஃபில்டர்தான். பல வண்டிகளில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் இருக்கும், ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். தட்டிவிட்டுத் திரும்பப் போடுவது ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். புளோவர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் ஓடாவிட்டால் ரெசிஸ்டர் போய்விட்டது. சின்ன பாகம், சின்னச் செலவு.

வாடையும் காலடித் தண்ணீரும்

ஈரத்துணி மக்கிய வாடை வந்தால் காயிலில் பூஞ்சை. இறங்குவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே ஏசியை அணைத்துப் புளோவரை மட்டும் ஓட்டினால் காயில் உலர்ந்துவிடும். இந்தப் பழக்கம் ஒன்றே பாதி வாடையைத் தடுக்கும். முன்சீட்டுக்காரர் காலடி மேட் நனைந்தால் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. வண்டிக்கு அடியிலிருந்து மெல்லக் காற்றடித்தால் விடும். கம்பி விட்டுக் குத்தினால் காயிலில் ஓட்டை விழலாம்.

இனிப்பான வாடையோடு முன்கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போலப் படிந்தால் அது ஏசி சம்பந்தப்பட்டதே இல்லை. ஹீட்டர் காயிலிலிருந்து கூலன்ட் கசிகிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள், கூலன்ட் இல்லாமல் எஞ்சின் போய்விடும்.

சத்தம்

ஏசி அணைத்திருக்கும்போதும் கரகரவென்றால் புல்லி பேரிங். ஏசி போட்டதும் மட்டும் கீச்சென்றால் பெல்ட். உள்ளிருந்து உலோகம் உரசும் சத்தம் வந்தால் உடனே ஏசியை அணைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். தூள் பரவுவதற்குள் நிறுத்தினால் கம்ப்ரசரோடு செலவு முடியும்.

கேஜ் என்ன சொல்கிறது

இது பட்டறை வேலை. லைனை நீங்களே திறக்க வேண்டாம். வளிமண்டல அழுத்தத்தில் ஆர்134ஏ என்ற ஏசி கேஸ் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகும். ஆனால் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நீலம் கம்ப்ரசருக்குள் போகும் பக்கத்துக் குறைந்த அழுத்தம், சிவப்பு அதிலிருந்து வெளியேறும் பக்கத்து உயர் அழுத்தம். உங்கள் வண்டி, பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

எஞ்சின் ஓடாமல், வெளியே 35 டிகிரி இருக்கும்போது நீலம், சிவப்பு இரண்டு கேஜும் சுமார் 115 பிஎஸ்ஐ காட்டும். லைனில் 200 கிராம் இருந்தாலும் இதே எண், 600 கிராம் இருந்தாலும் இதே எண். எஞ்சின் ஓடாமல் கேஜைப் பார்த்துவிட்டு "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏசி ஓடும்போது நீலம் 30 முதல் 45, சிவப்பு 200 முதல் 275 வரை இருந்தால் நம் ஊர் வெயிலுக்குச் சரி. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் கண்டென்சர், விசிறி, அல்லது அதிகக் கேஸ். நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் கம்ப்ரசர் அமுக்கவில்லை. நீலம் பூஜ்ஜியத்துக்குக் கீழே வேக்கத்துக்கே போனால் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே இருக்கும் ஈரம் வால்வு வாயில் உறைந்து அடைக்கிறது.

லீக் எங்கே

கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கொஞ்சம் சேர்ந்து வரும். நம் ஊர்ப் புழுதி அதில் ஒட்டிக் கறுப்பாகும். ஆகவே டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறத் தூசியாக இருக்க, ஒரு மூட்டு மட்டும் ஈரமான கறுப்புத் திட்டாக இருந்தால் அங்கேதான் ஓ-ரிங் போயிருக்கிறது. அந்த ரப்பர் வளையத்தின் விலை ஒரு ஜிகர்தண்டா விலைகூட வராது. கண்டென்சரின் கீழ்மூலையில், கல் பட்ட இடத்தில், இதே திட்டு அடிக்கடி இருக்கும்.

வெளியே எங்கும் தெரியவில்லையென்றால் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவச் சொல்லுங்கள். அதிலும் தெரியவில்லை, ஆனால் அழுத்தம் இறங்குகிறது என்றால் டாஷ்போர்டுக்குள் கூலிங் காயில்தான். வேலை பெரியது, ஒரு நாள் பிடிக்கும். லீக்கை அடைக்கும் திரவம் என்று டப்பாவில் விற்பதை ஊற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். அது லீக்கை மட்டுமா அடைக்கும், எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்து அடைக்கும்.

கேஸ் ஏற்றும் நாள்

லீக் சரிசெய்து, லைன் திறந்திருந்தால் டிரையரையும் மாற்றிய பிறகு, குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் ஓட வேண்டும். பம்பை நிறுத்தி வால்வை மூடிப் பதினைந்து நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் லீக் இன்னும் இருக்கிறது. நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். "மணி ஆச்சு, போட்டு அனுப்பிடுவோம்" என்று எந்தப் பட்டறையிலும் சொல்லக் கூடாது, எங்கள் பட்டறையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேஸை எடை பார்த்துப் போட வேண்டும். பானெட் ஸ்டிக்கரில் எத்தனை கிராம், எந்தக் கேஸ் என்று இருக்கும். ஆர்1234ஒய்எஃப் என்று இருக்கும் வண்டியில் ஆர்134ஏ போடக் கூடாது. ஹைபிரிட், மின்சார வண்டிகளின் கம்ப்ரசருக்கு எண்ணெயே வேறு ரகம், ஆரஞ்சு நிற வயர்களில் உயர் மின்னழுத்தம் ஓடும். அதற்குப் பயிற்சி பெற்றவரிடம் மட்டும் போங்கள். விலை குறைவு என்று எரியக்கூடிய வாயு கலந்த சிலிண்டரை யாராவது எடுத்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். கூலிங் காயில் இருப்பது குடும்பம் உட்காரும் இடத்துக்குள்.

பில்லில் மூன்று எண்களை எழுதி வாங்குங்கள்: வெளியே எடுத்த கேஸ் எத்தனை கிராம், ஏற்றியது எத்தனை கிராம், வேக்கம் எத்தனை நிமிடம் நின்றது. அந்தத் தாளை ஆர்சி புத்தகத்தோடு வையுங்கள். அடுத்த வருடம் மறுபடி குளிர்ச்சி குறைந்தால், முதலில் உறிஞ்சி எடை போடச் சொல்லுங்கள். ஏற்றிய 450இல் 430 இருந்தால் கேஸைத் தொட வேண்டாம், விசிறியையும் தூசியையும் பார்க்கலாம். 250தான் இருந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கறுப்புத் திட்டைத் தேடத் தொடங்கலாம்.